மந்திரிகளும் ராசியில்லாத ஊர்களும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



"அரசியல்வாதிகளின் யோக்கியதை" என்பதாக ஒரு பெரிய தலைப்பை நோட்டீசில் அச்சடித்துவிட்டு, அதைப்பற்றி நம்மைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விடிய விடியப் பேசினாலும் தீராத தலைப்பு இது. அன்றியும், லஞ்சம் வாங்குவது, கட்சி தாவுவது, ஓட்டுக்குப் பணம் கொடுப்பது ஆகியவைகளைப்பற்றி உங்களுக்கு நாம் வந்து சொல்லித் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. டீக்கடைப் பெஞ்சில் அவை தினமும் நம்மைவிட நன்றாகவே பேசப்படுகின்றன. ஆகவே அவைகளை அந்தப் பெஞ்சுக்கே விட்டுவிட்டு, மேலே பார்த்தால் வேடிக்கையாகவும் உள்ளே புகுந்து பார்த்தால் வயிற்றெரிச்சலாகவும் இருக்கிற ஒரு சங்கதியை மட்டும் இன்று எடுத்துக்கொள்ளுகிறோம். அதாவது, கோடிக்கணக்கான ஜனங்களை ஆளுகிறவர்கள், ஒரு சில ஊர்களுக்குள் கால் வைத்தால் தங்கள் பதவி போய்விடும் என்று பயந்து, அந்த ஊர்களுக்குப் போகாமலே ஆட்சி நடத்துகிற சங்கதி.

சிலர் சிரிக்கிறீர்கள். கதை என்று நினைக்க வேண்டாம். சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி போய், திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆசனூர் தாண்டிப் போனால் வருகிற ஊர் சாமராஜநகரம். உங்களில் பாதிப்பேர் அந்த வழியாக மைசூருக்குப் போயிருப்பீர்கள். மஞ்சள் வியாபாரிகளும், பூ வியாபாரிகளும், லாரிக்காரர்களும், பஸ் டிரைவர்களும் அந்த ஊருக்கு நாள் தவறாமல் போய் வருகிறார்கள். அங்கே போய் வந்ததனால் எந்த டிரைவருக்காவது உத்தியோகம் போனதாக நாம் கேட்டதில்லை. ஆனால் கர்நாடகத்து முதல் மந்திரி போனால் மட்டும் போய்விடுமாம்! டிரைவருக்கு இல்லாத தோஷம் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிற மந்திரிக்கு எப்படி வந்தது என்று கேட்டால், "அது அப்படித்தான், ஐதீகம்" என்கிறார்கள். ஐதீகம் என்றால் நூறு ஆயிரம் வருஷத்துக்கு முற்பட்டதாக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த ஐதீகத்துக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. தேவராஜ் அர்ஸ் 1980-ல் பதவி இழந்தார். ராமகிருஷ்ண ஹெக்டே 1988-ல் இழந்தார். எஸ்.ஆர். பொம்மை 1989-ல் இழந்தார். வீரேந்திர பாட்டீல் 1990-ல் இழந்தார். இவர்கள் எல்லோரும் சாமராஜநகரத்துக்குப் போய் வந்தவர்களாம்; ஆகவே அந்த ஊர்தான் அவர்களைக் கவிழ்த்ததாம்.

தோழர்களே, இவர்கள் எப்படிக் கவிழ்ந்தார்கள் என்பது ஏதோ தேவலோக ரகசியமல்ல. 1980 ஜனவரியில் இந்திரா காந்தியின் கட்சி பார்லிமெண்டுத் தேர்தலில் பெருவெற்றி பெற்றது. உடனே அர்சின் சட்டசபை உறுப்பினர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள், அர்ஸ் இறங்கினார். ஹெக்டே மற்றவர்களுடைய டெலிபோன் பேச்சை ஒட்டுக் கேட்க ஏற்பாடு செய்த விவகாரத்தில் சிக்கி ராஜினாமா செய்தார். பொம்மையின் மந்திரிசபையை, சட்டசபையில் மெஜாரிட்டி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கக்கூட இடம் கொடுக்காமல், கவர்னர் அறிக்கையை வைத்துக்கொண்டு மத்திய சர்க்கார் கலைத்தது. அப்படிக் கலைப்பது தவறு, சட்டசபையில்தான் மெஜாரிட்டியைச் சோதிக்க வேண்டும் என்று 1994-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. வீரேந்திர பாட்டீல் பக்கவாதத்தில் விழுந்து கிடந்த நேரம் பார்த்து, அவரை மாற்றப்போவதாக ராஜீவ் காந்தி பெங்களூர் விமான நிலையத்திலேயே அறிவித்தார். கட்சித் தாவல், ஒட்டுக் கேட்டல், கவர்னர் அக்கிரமம், மேலிடத்து ஆணவம் என்று இப்படி நாலு பேருக்கு நாலு காரணம். நாலும் மனிதர்கள் செய்த காரியம். அரசியல்வாதி செய்த அயோக்கியத்தனத்தைப் பிடித்து ஒரு ஏழை ஊரின் தலையில் கட்டிவிட்டால், செய்தவன் பேர் மறந்துபோகிறது. ஊர் பேர் நிலைத்துப்போகிறது. இதைவிட அரசியல்வாதிக்குச் சௌகரியமான ஐதீகம் வேறென்ன இருக்கக்கூடும்?

சரி, பயந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்போம். 1990-க்குப் பிறகு சுமார் 17 வருஷ காலம் எந்த முதல் மந்திரியும் அந்த ஊருக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பங்காரப்பா போகவில்லை, 1992-ல் சொந்தக் கட்சியே அவரை இறக்கியது. வீரப்ப மொய்லி போகவில்லை. 1994 தேர்தலில் தோற்றார். ஜே.எச். படேல் காலத்தில், 1997-ல், மைசூர் ஜில்லாவைப் பிரித்து சாமராஜநகரம் தனி ஜில்லாவாக்கப்பட்டது. புது ஜில்லாவைத் துவக்கி வைக்க வேண்டியவர் ஜில்லாவின் தலைநகருக்கு வராமல் மாதேஸ்வரன் மலையிலிருந்தே துவக்கி வைத்தார் என்று பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. கலியாணத்துக்கு வந்த மாப்பிள்ளை பந்தலுக்குள் வராமல் பக்கத்து ஊர்ச் சத்திரத்திலிருந்தே தாலியைக் கொடுத்தனுப்பியது போன்ற காரியம் இது! அப்படியெல்லாம் ஜாக்கிரதையாக இருந்தும் 1999-ல் அவர் ஆட்சி போயிற்று. எஸ்.எம். கிருஷ்ணா அமெரிக்காவில் சட்டம் படித்தவர். பெங்களூரைக் கம்ப்யூட்டர் நகரமாக்கினவர் என்று பெயர் வாங்கினவர். அவரும் போகவில்லை, 2004-ல் தோற்றார். தரம் சிங் போகவில்லை. 2006-ல் கூட்டாளிக் கட்சியே காலை வாரிற்று. போனவனும் விழுந்தான், போகாதவனும் விழுந்தான் என்றால் ஊரைப்பற்றி என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை. நாற்காலி ஆட்டம் கண்ட நாற்காலி என்பதுதான் தெரிகிறது.

பிறகு 2007-ல் குமாரசாமி போனார். அந்த வருஷம் அக்டோபரில் பதவி போயிற்று. "பார்த்தீர்களா!" என்று குதித்தார்கள். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? 2006 பிப்ரவரியில் அவர் பாரதிய ஜனதாக் கட்சியோடு சேர்ந்து ஆட்சிக்கு வந்தபோது, ஆளுக்கு 20 மாதம் என்று பேசிக்கொண்டுதான் வந்தார். பிப்ரவரியிலிருந்து 20 மாதத்தை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அக்டோபரில் வந்து நிற்கும். ஒப்பந்தம் செய்த அன்றைக்கே தேதி குறித்தாகிவிட்டது. சாமராஜநகரத்துக்கு இதில் என்ன வேலை? 2013-ல் ஜகதீஷ் ஷெட்டர் போனார். அந்த வருஷத் தேர்தலில் தோற்றார். தோற்கடித்தது எது? எடியூரப்பா தனிக்கட்சி ஆரம்பித்து அவருடைய ஓட்டைப் பிரித்தார். அந்த எடியூரப்பா தாம் முதல் மந்திரியாக இருந்த காலத்தில் சாமராஜநகரத்துக்குப் போகாதவர். ஆகவே ஷெட்டருக்கு ஆகாமல் போனது போன ஊரல்ல, போகாத மனிதர்!

இன்னொரு கேள்வி கேட்கிறோம். கர்நாடகத்து முதல் மந்திரிகள் எல்லோரும் தசராவுக்கு மைசூருக்குப் போகிறவர்கள். மேலே சொன்ன அத்தனை பேரும் போனவர்கள்தான். அத்தனை பேரும் பதவி இழந்தவர்கள்தான். அப்படியானால் மைசூர் அல்லவா பெரிய தோஷமுள்ள ஊராக இருக்க வேண்டும்? பெங்களூர் அதைவிட மோசம் அல்லவா? ஒருவர் பாக்கியில்லாமல் அங்கே குடியிருந்துதானே கவிழ்ந்தார்கள்? ஏன் மைசூருக்கும் பெங்களூருக்கும் அந்தப் பெயர் வரவில்லை? ஏனென்றால் மைசூரில் அரண்மனை இருக்கிறது, யானை ஊர்வலம் இருக்கிறது, சாமுண்டி மலை இருக்கிறது. பெங்களூரில் பணம் இருக்கிறது. சாமராஜநகரத்தில் என்ன இருக்கிறது? வெட்டியெடுக்கிற கருங்கல்லும், பட்டுப்பூச்சி வளர்க்கிற குடியானவனும், காட்டில் சோளகர்களும் இருக்கிறார்கள். தோஷம் எப்போதும் எளியவன் வீட்டைப் பார்த்துத்தான் வந்து உட்காரும். விதவை எதிரே வந்தால் சகுனத் தடை என்பார்கள். கலெக்டர் எதிரே வந்தால் எவனாவது சகுனம் பார்த்துத் திரும்பிப் போகிறானா?

இந்தப் பைத்தியத்தை உடைத்தவர் சித்தராமையா. 2013-ல் பதவிக்கு வந்தவர் சாமராஜநகரத்துக்குப் பல தடவை போனார். ஐந்து வருஷத்தையும் பூரணமாக முடித்தார். தேவராஜ் அர்சுக்குப் பிறகு கர்நாடகத்தில் ஐந்து வருஷம் முழுசாக ஆண்டவர் அவர்தான். 2022 டிசம்பரில் பசவராஜ் பொம்மை அந்த ஊருக்குப் போனார்; இவர் முன்னே சொன்ன எஸ்.ஆர். பொம்மையின் குமாரர். 2023 மே மாதம் தோற்றார். உடனே பழைய பல்லவியைத் தூசி தட்டினவர்கள் உண்டு. ஆனால் அவரைத் தோற்கடித்து மறுபடியும் முதல் மந்திரியாக வந்து உட்கார்ந்தவர், அதே ஊருக்குப் பத்து நடை நடந்த சித்தராமையா! ஒரே ஊர் ஒருவரைக் கவிழ்த்து, இன்னொருவரைத் தூக்கி வைத்ததா?

இதனால் சித்தராமையாவை நாம் ஒரேயடியாகத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவேண்டியதில்லை. 2016 ஜூன் மாதத்தில் அவருடைய கார் மேல் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து போகமாட்டேன் என்று அடம் பிடித்தது. சில நாளில் அவருக்குப் புதுக் கார் வந்தது. காக்காய்க்காக மாற்றவில்லை, கார் பழசாகிவிட்டது என்று பதில் சொன்னார்கள். இருக்கலாம், காக்காய்க்குப் பழைய கார்தான் பிடிக்குமோ என்னவோ! அது போகட்டும். அவருடைய சர்க்கார் 2017-ல் மூடப் பழக்கங்களை ஒழிக்க என்று ஒரு சட்டம் கொண்டு வந்தது. எச்சில் இலையில் உருளுவது, பில்லி சூனியம் என்று மனிதரை வதைப்பது எல்லாம் குற்றமாயிற்று. நல்ல காரியந்தான். ஆனால் ஜோசியத்தையும் வாஸ்துவையும் தொடாமல் அந்தச் சட்டம் தாண்டிப் போய்விட்டது. ஏனென்றால் எச்சில் இலையில் உருளுகிறவன் ஏழை. வாஸ்து பார்க்கிறவன் சட்டசபை உறுப்பினன்.

இப்போது வேடிக்கையை நிறுத்திக்கொள்ளுகிறோம். 2021 மே மாதம் 2-ந் தேதி ராத்திரியும் 3-ந் தேதியும், அதே சாமராஜநகரத்து ஜில்லா ஆஸ்பத்திரியில், கொரோனா வியாதிக்காரர்கள் 24 பேர் ஒரு நாளுக்குள் செத்துப் போனார்கள். மூச்சுக்காற்று சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மைசூரிலிருந்து வரவேண்டிய சிலிண்டர் வேண்டிய நேரத்தில் வந்து சேரவில்லை. காற்றுக்குத் தவித்துச் செத்தார்கள். சுகாதார மந்திரி, சிலிண்டர் இல்லாமல் செத்தது மூன்று பேர்தான் என்று முதலில் சொன்னார். ஹைகோர்ட் நியமித்த கமிட்டி விசாரித்து, சிலிண்டர் இல்லாமற் போனதுதான் சாவுக்குக் காரணம் என்று அறிக்கை கொடுத்தது. மந்திரிகள் வந்து பார்த்தார்கள். முதல் மந்திரி எடியூரப்பா வரவில்லை. அந்த ஜூலை மாதம் பதவியை விட்டு இறங்குகிற வரையில் வரவில்லை.

அவர் வராததனால்தான் 24 பேர் செத்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நாமும் ஐதீகக்காரர்கள் ஆகிவிடுவோம். ஆனால் ஒன்றை நீங்களே யோசித்துப் பாருங்கள். முதல் மந்திரி நம் ஊருக்கு வருகிறார் என்றால் என்ன நடக்கிறது? பத்து வருஷமாகக் குழியாய்க் கிடந்த ரோட்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தார் விழுகிறது. எரியாத விளக்கு எரிகிறது. ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்கிறார்கள், லீவில் போன டாக்டர் திரும்பி வருகிறார், ஓடாத மெஷின் அன்றைக்காவது ஓடுகிறது. கலெக்டர் முதல் தலையாரி வரை பயந்து நிற்கிறார்கள். ஊரார் நாலு மனுவாவது கையில் கொடுக்கிறார்கள். இது ஒரு கேவலமான ஏற்பாடு என்பது வாஸ்தவந்தான். மந்திரி வந்தால்தான் விளக்கு எரியும் என்பது வெட்கக்கேடு. ஆனால் இந்த நாட்டில் ஏற்பாடு அப்படித்தான் இருக்கிறது. அந்தக் கேவலமான பாக்கியங்கூட இல்லாமல் ஒரு ஜில்லாவை 17 வருஷம் ஒதுக்கி வைப்பதென்றால், அந்த ஜில்லாவின் உத்தியோகஸ்தர்கள் யாருக்குப் பயப்படுவார்கள்? மேலதிகாரி ஒருநாளும் வரமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்த கடையில் கணக்கு எப்படி இருக்கும்?

இது கன்னடத்து வியாதி மாத்திரம் என்று நினைக்காதீர்கள். டெல்லிக்குப் பக்கத்தில் நொய்டா என்று ஒரு பட்டணம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தது. 1976-ல் உண்டாக்கப்பட்டது. மனிதர்கள் பிளான் போட்டு, சதுரம் சதுரமாகக் கோடு கிழித்துக் கட்டிய ஊர். சாபம் கொடுக்க முனிவர் எவரும் அந்தப் பக்கம் வரவில்லை. ஆனாலும் 1988-ல் வீர் பகதூர் சிங் என்கிற முதல் மந்திரி அங்கே போய் வந்த சில நாளில் மேலிடம் அவரை மாற்றிவிட்டது. அவ்வளவுதான், பன்னிரண்டே வயதான ஊருக்குத் தோஷம் பிடித்துவிட்டது! அதன் பின் வந்தவர்களில் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. டெல்லிக்கும் நொய்டாவுக்கும் நடுவே கட்டிய பெரிய பாலத்தை ராஜ்நாத் சிங் டெல்லிக் கரையில் நின்றுகொண்டே திறந்து வைத்தார். பாலத்தைத் திறந்தார், பாலத்தைத் தாண்டவில்லை!

2006 டிசம்பர் கடைசியில் அதே நொய்டாவில் நிதாரி என்கிற இடத்தில், ஒரு பங்களாவுக்குப் பின்புறச் சாக்கடையிலிருந்து குழந்தைகளின் எலும்புகளும் மண்டை ஓடுகளும் எடுக்கப்பட்டன. கூலிக்காரர்களின் குழந்தைகள். காணோம் என்று பெற்றவர்கள் மாதக்கணக்காகப் போலீசுக்கு நடந்தும், போலீசார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேசமே பதறிப்போயிற்று. அந்த மாகாணத்து முதல் மந்திரி முலாயம் சிங். தம்பியை அனுப்பினார், தாம் போகவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் சாக்கடை ஓரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொள்ளுகிறாள். நாட்டை ஆளுகிறவர் லக்னோவில் நாற்காலியின் நாலு காலையும் பிடித்துக்கொண்டிருக்கிறார்! அப்படிப் பிடித்துக்கொண்ட நாற்காலியாவது நின்றதா? நாலைந்து மாதத்தில், 2007 மே மாதத்தில், தேர்தலில் போயே போய்விட்டது.

அவர் குமாரர் அகிலேஷ் யாதவ் இன்னும் படித்தவர். நம் மைசூரில் இஞ்சினீயரிங் படித்து, ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் போய் மேல்படிப்பும் படித்து வந்தவர். 2012-ல் முதல் மந்திரியானார். நொய்டாப் பக்கமிருந்து ஆக்ராவுக்குப் போகிற யமுனா நெடுஞ்சாலையை அந்த வருஷம் ஆகஸ்டில் திறந்து வைத்தார். எங்கிருந்து? லக்னோவில் உட்கார்ந்துகொண்டு, வீடியோ மூலமாக! விஞ்ஞானம் கண்டுபிடித்த கருவியை மூடநம்பிக்கைக்குக் குடை பிடிக்கச் செய்வதில் நம்மவர்களை மிஞ்ச உலகத்தில் ஆளில்லை. ஐந்து வருஷமும் நொய்டாவில் கால் வைக்காமல் காலத்தைக் கழித்தார். 2017-ல் படுதோல்வி. இவருக்கு முன் ஆண்ட மாயாவதி நொய்டாவுக்குப் போனவர். ஐந்து வருஷமும் முழுசாக ஆண்டவர். 2011 அக்டோபரில் அங்கே ஒரு பெரிய நினைவுப் பூங்காவைத் திறந்தார், 2012-ல் தோற்றார். தோற்றதை மட்டும் கணக்கில் எழுதினார்கள், ஆண்டதை எழுதவில்லை. ஜோசியனுடைய நோட்டுப் புத்தகத்தில் பலித்த பக்கம் மட்டுந்தானே இருக்கும்!

இதில் இன்னொரு அழகைக் கவனியுங்கள். நொய்டாவுக்கு மந்திரி போகக்கூடாது. ஆனால் நொய்டாவின் நிலம், பிளாட்டு, லைசென்சு எல்லாம் லக்னோவுக்குப் போகலாம். அங்கே சட்டத்துக்கு விரோதமாக எழும்பிய சுமார் நூறு மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கோபுரக் கட்டிடங்களை இடிக்கும்படி 2021-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. நொய்டா அதிகாரிகள் கட்டிடக் கம்பெனியோடு கூடிக்கொண்டு செய்த காரியம் என்று கோர்ட்டே சொல்லிற்று. 2022 ஆகஸ்டு 28-ந் தேதி வெடி வைத்து இடித்தார்கள். ஊர் ஆகாது, ஊர்ப் பணம் ஆகும்!

அகிலேஷுக்குப் பிறகு வந்த யோகி ஆதித்தியநாத் 2017 டிசம்பரில் நொய்டாவுக்குப் போனார். மூடநம்பிக்கையை உடைத்துவிட்டார் என்று பிரதம மந்திரி மேடையிலேயே பாராட்டினார். 2022-ல் யோகி மறுபடியும் ஜெயித்தார். ஆகவே நொய்டாவின் தோஷம் தீர்ந்தது. நமக்கும் சந்தோஷந்தான். ஆனால் அதே யோகி, அதே 2017-ல் மார்ச் மாதம் முதல் மந்திரி பங்களாவில் குடி புகுமுன் நடந்தது என்ன? புரோகிதர்கள் வந்து அந்த வீட்டுக்குச் சுத்தி பூஜை செய்தார்கள். அதற்கு முன் அந்த வீட்டில் குடியிருந்தவர் யார்? யாதவ ஜாதியில் பிறந்த அகிலேஷ். தமக்கு அவமானம் என்று அவரும் பின்னால் குறைப்பட்டுக்கொண்டார். தோழர்களே, இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் குடியிருக்கிற ஒரு ஊரைத் தமக்கு ஆகாத ஊர் என்று ஐந்து வருஷம் ஒதுக்கி வைத்தவர் அகிலேஷ். அவர் வெளியே போன மறுநாள், அவர் இருந்த வீடே ஆகாத வீடாகிவிட்டது. தோஷம் என்கிற கத்தியை எவன் கையில் எடுத்தாலும், அதன் பிடி புரோகிதன் கையில்தான் இருக்கும்.

தெலுங்கு நாட்டுச் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தெலுங்கானாவின் முதல் முதல் மந்திரி சந்திரசேகர ராவ், பழைய தலைமைச் செயலகத்துக்கு வாஸ்து சரியில்லை என்று அதை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிது கட்டினார். 2023 ஏப்ரலில் திறந்தார். 2023 நவம்பரில், தேர்தல் நேரத்தில், தம் பண்ணையில் ராஜசியாமளா யாகம் செய்தார். டிசம்பர் 3-ந் தேதி ஓட்டு எண்ணினார்கள்; ஆட்சி போய்விட்டது. வாஸ்துப்படி கட்டிய கட்டிடத்தில் எதிராளி போய் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். அந்தக் கட்டிடத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? டாக்டர் அம்பேத்கர் பெயர்!

நம் நாட்டைச் சொல்லாமல் விட்டால், "இவன் அடுத்த வீட்டு அழுக்கை மட்டும் சொல்லுகிறான்" என்பீர்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் பிரதான வாசல் வழியாக ஆளுகிறவர்கள் போனால் ஆகாது என்று நம்மிடமும் ஒரு கட்டுக்கதை உலாவுகிறது. 2010 செப்டம்பரில் அந்தக் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்கு வந்த கருணாநிதி அவர்கள் பிரதான வாசலை விட்டுப் பக்க வாசல் வழியாக வந்தார் என்று பத்திரிகைகள் எழுதிப் பரிகாசம் செய்தன. சக்கர நாற்காலியில் வந்தவருக்கு அந்த வழி வசதி என்று சொல்ல இடமுண்டு. ஆனாலும் ஆயுள் முழுவதும் பகுத்தறிவு பேசினவர், அந்த ஒரு நாள் சிரமப்பட்டாவது பெரிய வாசலில் நுழைந்திருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். 2011-ல் ஆட்சி எப்படியும் போகத்தான் போயிற்று. பிறகு 2019-ல் சென்னையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய காலத்தில், கோயில்களில் மழைக்கு யாகம் நடத்தச் சொல்லி அறநிலையத் துறையே சுற்றறிக்கை விட்டது. ஆளுங்கட்சி மந்திரிகள் கோயில் கோயிலாக உட்கார்ந்து யாகம் செய்தார்கள். ஏரியைத் தூர் வாருவதற்கு மழைக்கு முன்னால் எத்தனை மாதம் இருந்தது!

2017-ல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க ஒரு மந்திரி தெர்மாகோல் அட்டையை மிதக்கவிட்டதற்கு ஊரெல்லாம் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நாமும் சிரித்தோம். ஆனால் நம்மைக் கேட்டால் யாகத்தைவிடத் தெர்மாகோல் ஆயிரம் மடங்கு மேல் என்போம். தெர்மாகோல் காற்றில் அடித்துக் கரைக்கு வந்துவிட்டது. தோற்றது என்று எல்லோர் கண்ணுக்கும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. மறுபடி யாரும் விடவில்லை. யாகம் தோற்றால் எப்படித் தெரியும்? மழை வந்தால் யாகத்தால் வந்தது. வராவிட்டால் நெய் போதாது, மந்திரம் பிசகு, நாள் சரியில்லை. தோற்றதை ஒத்துக்கொள்ளாத காரியத்தைத்தான் அரசியல்வாதி மிகவும் விரும்புகிறான். அவனுக்கும் அதுதானே தொழில்!

"ஐயா, இதெல்லாம் அவரவர் சொந்த நம்பிக்கை, அதில் நீங்கள் ஏன் தலையிட வேண்டும்?" என்று நம்மைக் கேட்கிறவர்கள் உண்டு. சொந்த நம்பிக்கை என்றால் சொந்தச் செலவில் இருக்க வேண்டும். தன் வீட்டு வாசற்படியை ஒருவன் வடக்கே வைத்தாலும் தெற்கே வைத்தாலும் நமக்கென்ன? நாம் அந்த வீட்டுக்குக் குடிபோகப் போவதில்லை. ஆனால் ஒரு மந்திரி ஒரு ஊரை ஒதுக்கினால், ஒதுக்கப்படுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். செயலகத்தை இடித்தால் இடிபடுவது நம் பணம். அன்றியும் இந்திய அரசியல் சட்டத்தில் 51ஏ என்கிற பிரிவில், விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரித்தறியும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-ம் வருஷத்துத் திருத்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்தவர்களும் இந்த அரசியல்வாதிகள்தான். அந்தச் சட்டத்தின் பேரால் பிரமாணம் செய்துவிட்டு, பிரமாணத்துக்கே ஜோசியனிடம் நாள் குறித்துக்கொண்டு வருகிறவர்களும் இவர்கள்தான். பள்ளிக்கூட விழாவில் பிள்ளைகளைப் பார்த்து "விஞ்ஞானிகளாகுங்கள்" என்று உபதேசம். மேடையை விட்டு இறங்கினதும் ராகுகாலத்துக்கு முன் காரை எடு என்று டிரைவருக்கு உத்தரவு.

உண்மையாகவே நம்புகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் நமக்கு அதிக பயமாகத்தான் இருக்கிறது. இரண்டு சம்பவம் அடுத்தடுத்து நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று எண்ணுகிற புத்திதான், எந்த ஊருக்கு ஆஸ்பத்திரி, எந்த ஆற்றுக்கு அணை, எந்த வியாதிக்கு எந்த மருந்து என்பதையும் தீர்மானிக்கிறது. ஊர் ராசி பார்க்கிற புத்தி, பைலைப் பிரித்ததும் திடீரென்று தெளிந்துவிடுமா?

ஆனால் நாம் அவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. சாமராஜநகரத்து ஓட்டர்களையும் நொய்டா ஓட்டர்களையும் பார்த்து, தேர்தல் சமயத்தில் அதே கட்சிக்காரர்கள் கைகூப்பி வந்தார்கள் அல்லவா? ஊருக்குத் தோஷம், ஊர் ஓட்டுக்குத் தோஷமில்லை! "ராசியில்லாத ஊரின் ஓட்டு உனக்கு எதற்கு?" என்று வாசலில் நின்று ஒருவர் கேட்டிருந்தால் பதினேழு வருஷம் ஆகியிருக்குமா? இந்த ஊருக்கும் தேர்தல் வரும். வேட்பாளர் நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியேறி வருவார். வந்தால், "எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது?" என்று கேளுங்கள். "நல்ல நேரத்தில் வரும்" என்று சொன்னாலும் சொல்லுவார். தேதி கேளுங்கள், தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

நேரம் அதிகமாகிவிட்டது. கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டிய மலையடிவாரத்துத் தோழர்கள் எழுந்து நிற்கிறார்கள். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் துண்டுச் சீட்டில் எழுதித் தலைவர் அவர்களிடம் கொடுத்தால், தெரிந்தவரையில் பதில் சொல்லுகிறோம். நம்மைத் திட்டி எழுதுகிறவர்களும் தாராளமாக எழுதலாம். அந்தச் சீட்டைத்தான் முதலில் படிப்போம்.